டெஸ்டர் ஒளிரவில்லை என்றால்?

பத்தாம் வகுப்பில் வீட்டு மின்சுற்று பாடம் வரும்போது மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்: "டெஸ்டரை வைத்துப் பார்த்தீர்கள், ஒளிரவில்லை. என்ன பொருள்?" வகுப்பு முழுக்க ஒரே குரலில் "கரண்ட் இல்லை டீச்சர்" என்று பதில் வரும். ஆசிரியர் அறையில் கேட்டாலும் பெரும்பாலும் இதே பதில்தான். அந்த நம்பிக்கையில்தான் பலர் கம்பியில் கை வைக்கிறார்கள்.

மின்விசிறி ஓடவில்லை, மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை என்றால் பள்ளியில் முதல் அழைப்பு அறிவியல் ஆசிரியருக்குத்தான் வருகிறது. ஒளியியல் நடத்துபவரை யாரும் கண்ணாடி செய்யச் சொல்வதில்லை; மின்னியல் நடத்துபவர் மட்டும் வயர்மேன் ஆகிவிடுகிறார்! பழுது பார்ப்பது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. ஆனால் ஒரு பிளக்கில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கும் நிலை நமக்கு அடிக்கடி வருகிறது. அதற்காகவாவது கையிலுள்ள கருவியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய டெஸ்டர் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். முனைக்கம்பி, ஒரு மின்தடை, சிறு நியான் விளக்கு, ஒரு ஸ்பிரிங், பின்புறம் உலோக மூடி, அவ்வளவுதான். மின்தடையின் மதிப்பு பொதுவாக ஒரு மெகா ஓம் அளவில் இருக்கும். ஓம் விதியைப் போட்டால் 230 வோல்ட்டுக்கு 0.23 மில்லி ஆம்பியர். நியானும் கொஞ்சம் மின்னழுத்தத்தை எடுத்துக்கொள்வதால் உண்மையில் அதற்கும் குறைவு. சுமார் 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால்தான் நமக்கு உணர்வே தெரியும். 10 மில்லி ஆம்பியர் அளவில் தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகலாம். இந்த இரண்டு நிலைகளுக்கும் வராமல் நம்மைத் தடுத்து நிற்பது அந்த ஒரு மின்தடைதான். அது தொலைந்துபோன டெஸ்டரில் கம்பித் துண்டைச் செருகிப் பயன்படுத்துவோரும் உண்டு. அப்படிப்பட்டதையும், ஈரமானதையும், பிடி விரிசல் விட்டதையும் குப்பையில் போடுங்கள்.

இப்போது சுற்றைப் பாருங்கள். மின்னோட்டம் முனையில் நுழைந்து, மின்தடை, நியான், மூடி, விரல், உடல் வழியாகத் தரைக்குப் போகிறது. சோதிப்பவரும் சுற்றின் ஒரு பகுதி. அதனால் விரல் மூடியைத் தொடாவிட்டால் ஒளிராது. பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று, ரப்பர் செருப்பும் போட்டிருந்தால் ஒளி மங்கிவிடும். பகல் வெளிச்சத்தில், மைதானத்து மோட்டார் அறை வாசலில், அந்த மங்கிய ஒளி கண்ணுக்கே தெரியாது. நியான் கெட்டுப்போயிருந்தாலும் ஒளிராது. இத்தனை நிலைகளிலும் கம்பியில் 230 வோல்ட் அப்படியே இருக்கும்.

ஒளிர்ந்தாலும் அவசரப்பட வேண்டாம். சில சமயம் பிளக்கின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் ஒளிரும். "ரெண்டு பக்கமும் ஃபேஸ் வருது" என்பார்கள். பெரும்பாலும் நடந்திருப்பது வேறு: நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கும். சுவிட்ச் போட்ட நிலையிலிருக்கும் ஏதோ ஒரு விளக்கோ விசிறியோ வழியாக ஃபேஸ் நியூட்ரல் கம்பிக்கு வந்து நிற்கும். எந்தச் சாதனமும் ஓடாது. ஆனால் பாடநூல் கறுப்பு என்று சொல்லும் நடுநிலைக் கம்பியைத் தொட்டாலும் அதிர்ச்சி அடிக்கும். அருகில் ஓடும் கம்பியின் தூண்டலால், எதனோடும் இணையாத கம்பி ஒளிர்வதும் உண்டு.

அப்படியானால் எதை வாங்குவது? நியான் டெஸ்டர் வாங்கினால், முனையில் சிறிதளவு மட்டும் வெளியே தெரிந்து, மற்றபடி தண்டு முழுவதும் உறை போட்டதாகப் பாருங்கள். உறையில்லாத நீளத் தண்டு சுவிட்ச் பெட்டிக்குள் இரண்டு முனைகளையும் தொட்டுவிட்டால் பொறி பறக்கும். அதைத் திருப்புளியாகப் பயன்படுத்தவும் வேண்டாம். திருகும் விசையில் பிடி விரிசல் விடுகிறது.

கம்பியைத் தொடாமலே 'பீப்' ஒலிக்கும் பேனா வகை வசதியானது. ஆனால் இரும்புக் குழாய்க்குள் போகும் கம்பியை அது உணராது, பக்கத்துக் கம்பிக்காகவும் ஒலிக்கும். பேட்டரி தீர்ந்தால் பேசாமல் இருக்கும். அந்த மௌனத்தையும் நாம் 'மின்சாரம் இல்லை' என்றுதான் படிப்போம்.

என் தேர்வு இரு முனைச் சோதிப்பான். இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்தை அது நேராகக் காட்டுகிறது. நம் உடல் சுற்றில் வருவதில்லை. இதற்கென்றே ஐ.இ.சி. 61243-3 என்ற பன்னாட்டுத் தரம் உண்டு. வாங்கும்போது அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். விலை கூடுதல்தான். ஆனாலும் பள்ளிக்கு ஒன்று போதும்.

மல்டிமீட்டரும் இந்த வேலையைச் செய்யும், குமிழ் ஏ.சி. வோல்ட்டில் உயர்ந்த அளவில் இருந்தால். சிவப்புக் கம்பியை ஆம்பியர் துளையில் செருகியபடி பிளக்கில் வைத்தால் அது குறுக்குச்சுற்று. மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். எந்த அளவுக்குத் தாங்கும் என்பது அதன் மேலேயே 'கேட்' தரம், வோல்ட் என்று அச்சிடப்பட்டிருக்கும். அப்படி எதுவும் அச்சிடாத மலிவு மீட்டர், மின்கலச் சோதனைகளுக்கு மட்டும் இருக்கட்டும்.

எந்தக் கருவியானாலும் முறை ஒன்றுதான். முதலில் மின்சாரம் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக்கில் சோதியுங்கள். அடுத்து, வேண்டிய இடத்தில் சோதியுங்கள். பிறகு மறுபடியும் முதல் பிளக்கில் சோதியுங்கள். மூன்றாவது சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் கருவி கெட்டிருந்தால் அது ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். இத்தனைக்கும் பிறகுகூட மெயினை அணைக்காமல் தொடக் கூடாது. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கியவர் அதைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் "யாரோ எடுத்துட்டாங்க" என்று இன்னொருவர் மாட்டிவிடுவார்.

உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இன்னொரு கவனம் வேண்டும். மெயினை அணைத்தாலும் யுபிஎஸ் பிளக்குகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஆய்வகக் கதவின் உட்புறம் இதை எழுதி ஒட்டியிருக்கிறோம்.

பிளக்கில் டெஸ்டர் வைக்கும் வேலையை மாணவர்களுக்குத் தருவதில்லை. அவர்களுக்குத் தருவது கழற்றிய டெஸ்டரும், மின்தடையை அளக்க ஒரு மல்டிமீட்டரும் மட்டுமே. அளந்து, ஓம் விதியைப் போட்டு, மின்னோட்டத்தைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு ஒரு பணித்தாள்: ஒளிராத டெஸ்டருக்கு எத்தனை காரணங்கள் எழுத முடியும்? சென்ற ஆண்டு ஒரு குழு ஏழு எழுதியது. "மின்சாரம் இல்லை" என்பதைக் கடைசியாக, ஏழாவதாக எழுதியிருந்தார்கள்.