அறுவடையைத் தேடி அலைவோருடன்

அறுவடை முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும் கூலித் தொழிலாளிக்கு எந்தப் பங்கு சொந்தப் பங்கு? அவருடைய பிள்ளைக்கு எந்தப் பாடசாலை சொந்தப் பாடசாலை? ஐக்கிய அமெரிக்காவின் திருச்சபைகள் இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறு நமக்கும் ஒரு பாடமாகும்.

முதற்படி: உதவி செய்தல்

1920இல் புரட்டஸ்தாந்து சபைகளின் பெண்கள் அமைப்பொன்று, இடம்பெயரும் தொழிலாளரின் பிள்ளைகளைப் பகல் வேளையில் பராமரிக்கும் பணியைக் கிழக்குக் கரையோர மாநிலங்களில் தொடங்கியது. இப்பணி கலிபோர்ணியாவுக்கும் பரவியது. மருத்துவ உதவியும் மறைக்கல்வியும் வழங்கப்பட்டன. நல்ல பணிதான். ஆனால் மறு ஆண்டும் அதே குடும்பங்கள் அதே வறுமையுடன் வந்து நின்றன.

காரணம் என்ன? தொழிற்சங்க உரிமையைப் பாதுகாத்த 1935ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயத் தொழிலாளரை ஒதுக்கிவிட்டது. 1942 முதல் 1964 வரை மெக்சிக்கோவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். கூலி போதாது என்றவரின் இடத்தை இன்னொருவரைக் கொண்டு நிரப்புவது எளிதாயிற்று.

இரண்டாம்படி: ஒன்றுசேர உதவுதல்

1950களின் தொடக்கத்தில் சான் ஹோசே நகரின் ஏழைக் குடியிருப்பில் பணியாற்றிய அருட்தந்தை டொனால்ட் மக்டொனல், சேசார் சாவேஸ் என்ற இளம் தொழிலாளிக்குத் திருச்சபையின் சமூகப் போதனைகளைக் கற்றுக்கொடுத்தார். அந்த இளைஞரே 1962இல் விவசாயத் தொழிலாளர் சங்கமொன்றை அமைத்தார்.

மூன்றாம்படி: விலை கொடுத்தல்

1965 செப்டெம்பர் 8இல் டெலானோவின் திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பீனியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். எட்டு நாட்களில் சாவேஸின் சங்கமும் இணைந்தது. தோட்ட உரிமையாளரும் கிறிஸ்தவர்களே; பலர் ஆலயங்களுக்கு நன்கொடை கொடுப்பவர்கள். போதகர் கிறிஸ் ஹார்ட்மயர் தலைமையிலான கலிபோர்ணியப் பணிக்குழு தொழிலாளர் பக்கம் நின்றபோது, சபைகளுக்குள் கடும் எதிர்ப்பு எழுந்தது. எனினும் குழு பின்வாங்கவில்லை. திராட்சையை வாங்க வேண்டாம் என்ற அழைப்பு நாடெங்கும் பரவியது. கத்தோலிக்க ஆயர்களின் குழு இரு தரப்பையும் பேசவைத்தது. 1970 யூலை 29இல் டெலானோவில் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

வெற்றி நிலைக்கவில்லை. 1973இல் அநேக ஒப்பந்தங்கள் கைநழுவின. ஆயினும் 1975இல் கலிபோர்ணியச் சட்டம் விவசாயத் தொழிலாளருக்குச் சங்க உரிமையை அளித்தது. நாள் முழுதும் முதுகை வளைத்து வேலை செய்யவைத்த குட்டைப்பிடிக் களைகொத்தியும் அதே ஆண்டில் தடைசெய்யப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் பிள்ளைகளைப் பராமரித்தும் நிமிராத முதுகு, உரிமை கிடைத்தபோது நிமிர்ந்தது.

பிள்ளைப் பராமரிப்பு வீண்போனது என்று கொள்ளக்கூடாது. அதன் மூலமே பணியாளர் தொழிலாளரின் வீட்டுக்குள் நுழைந்தனர். வறுமையின் வேரைக் கண்டனர். உதவி வாசற்படி. வாசற்படியிலேயே நின்றுவிடுவதுதான் தவறு.

குழுவாகச் சிந்திக்க

1. அறுவடைக் காலத்தில் நம் ஊருக்குக் கூலிக்கு வருவோர் யார்? எங்கே தங்குகிறார்கள்? அவர்களின் பெயர் நமக்குத் தெரியுமா?

2. அவர்களுக்கு நாம் செய்வது எந்தப் படியில் நிற்கிறது?

3. கூலி கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆலயத்தில் இருக்கும்போது, நம் குழு யாரிடம் முதலில் பேசவேண்டும்? என்ன பேசவேண்டும்?