ராம்போ கத்தியும் மோரா கத்தியும்

புதிதாகக் காட்டுக் கத்தி வாங்கியவர் பெட்டியைப் பிரித்ததும் முதலில் ஒரு காகிதத்தைச் சீவிப் பார்ப்பார். அடுத்து முன்னங்கை மயிரை மழித்துப் பார்ப்பார். இரண்டிலும் தேறிய கத்தியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனால்தான் சங்கடம். 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலகு கேரட்டை நறுக்காது, பிளக்கும். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். வாங்கியவரோ, ‘இது காய்கறிக்கான கத்தி இல்லை, காட்டுக்கானது’ என்பார்.

தடிமனான கத்திதான் காட்டுக்கு ஏற்றது என்பது இந்த ஆர்வலர் உலகின் முதல் நம்பிக்கை. அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்ற கே-பார் பெக்கர் பிகே2 கத்தியின் அலகு கால் அங்குலத் தடிமன், அதாவது 6.35 மி.மீ. எடை ஏறத்தாழ அரைக் கிலோ. சுவீடனின் மோரா கம்பேனியன் கத்தியின் அலகு 2.5 மி.மீ.தான். உறையோடு சேர்த்தாலும் 120 கிராமுக்குள் அடங்கிவிடும். விலையும் பிகே2-வை விட மிகக் குறைவு. காட்டில் கத்திக்கு வரும் வேலையை எண்ணிப் பார்த்தால் எது தேவை என்பது விளங்கிவிடும். குச்சியைச் சீவ வேண்டும், கயிறு அறுக்க வேண்டும், மீனைச் சுத்தம் செய்ய வேண்டும், தீ மூட்டச் சுருள்சுருளாக மரத்தைச் செதுக்க வேண்டும். எல்லாமே மெல்லிய விளிம்பு கேட்கிற வேலைகள். தடித்த அலகு மரத்துக்குள் ஆப்பு மாதிரி இறங்கிச் சிக்கிக்கொள்ளும்.

மோரா என்பது சுவீடனின் டலார்னா பகுதியில் உள்ள ஊர். அங்கே 1891-இல் ஃப்ராஸ்ட்ஸ் நிறுவனமும் 1912-இல் எரிக்சன் நிறுவனமும் தொடங்கின. நெடுங்காலம் போட்டியாளர்களாக இருந்த இரண்டும் 2005-இல் ஒன்றாயின. தச்சர், எலக்ட்ரீசியன், மீனவர், பட்டாளத்துச் சிப்பாய் என அந்நாட்டில் இந்தக் கத்தியைத் தொடாத தொழிலாளி குறைவு. அலகின் இரு பக்கமும் அகலமான ஒரே சரிவாக இறங்கி விளிம்பில் சேரும். அந்தச் சரிவைச் சாணைக்கல்லில் அப்படியே படிய வைத்துத் தேய்த்தால் போதும், எந்தக் கோணத்தில் தீட்டுவது என்று யாரையும் கேட்க வேண்டாம். கனடாவின் காட்டுக்கலை ஆசான் மார்ஸ் கோசான்ஸ்கி 2019-இல் இறக்கும்வரை மாணவர்களுக்குப் பரிந்துரைத்தது இந்த மலிவான கத்தியைத்தான். அதைக் கழுத்தில் மாலைபோல் தொங்கவிட்டபடியேதான் அவர் பாடம் நடத்துவார்.

பிறகு இந்தக் கனத்த கத்தி மோகம் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு சினிமாவுக்கு உண்டு. 1982-இல் வந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படத்துக்காக ஆர்கன்சாவைச் சேர்ந்த ஜிம்மி லைல் செய்துகொடுத்த கத்தியோடுதான் சில்வெஸ்டர் ஸ்டாலோனின் ராம்போ காட்டுக்குள் ஓடினார். குழாய்போல் உள்ளீடற்ற கைப்பிடி, அதன் மூடியில் திசைகாட்டி, உள்ளே தீக்குச்சியும் தூண்டில் நரம்பும், முதுகில் ரம்பப் பற்கள். லைல் கைதேர்ந்த கொல்லர். அவர் செய்தது உறுதியாகத்தான் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் உலகமெங்கும் கொட்டப்பட்ட போலிகளுக்கு அந்த உறுதி இல்லை. அலகும் குழாயும் சேரும் இடத்தில் ஒரு திருகாணியோ கொஞ்சம் பற்றவைப்போதான் இருக்கும். நாலு முறை ஓங்கி வெட்டினால் அலகு ஒரு பக்கம், திசைகாட்டி ஒரு பக்கம்.

முதுகுப் பற்களுக்கு வேறு கதை உண்டு. அமெரிக்க விமானிகளுக்கு 1950-களின் பிற்பகுதியில் வழங்கப்பட்ட கத்தியிலும் அவை இருந்தன. விழுந்த விமானத்தின் மெல்லிய அலுமினியத் தகட்டைக் கிழித்து வெளியேறத்தான் அந்தப் பற்கள். மரம் அறுக்கும் ரம்பத்தில் பற்கள் மாறிமாறி இடமும் வலமும் சாய்ந்திருக்கும், அதனால்தான் ரம்பம் சிக்காமல் ஓடும். கத்தி முதுகில் அந்தச் சாய்வு கிடையாது. கட்டையில் அரை அங்குலம் இறங்கியதும் இறுகி நின்றுவிடும். அந்த முதுகில் கட்டையால் தட்டி விறகு பிளக்கவும் முடியாது, பற்கள் கட்டையைக் கடித்துக் குதறிவிடும்.

கைப்பிடியின் கடைசிவரை ஒரே இரும்பாக ஓடாத கத்தி உடைந்துவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. அப்படிக் கடைசிவரை ஓடும் கத்தியை ஆர்வலர்கள் ‘ஃபுல் டாங்’ என்பார்கள். அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. அப்படிப்பட்ட கத்தி முரட்டு அடியை அதிகம் தாங்கும். ஆனால் ஃபின்லாந்தின் பாரம்பரியப் பூக்கோ கத்தியில் மெல்லிய குச்சிபோன்ற இரும்புதான் பிர்ச் மரக் கைப்பிடிக்குள் நுழைகிறது. தலைமுறை தலைமுறையாக வடதுருவக் குளிரில் அதை வைத்தே வேட்டையாடுகிறார்கள், வீட்டுச் சாமான் செதுக்குகிறார்கள். அவர்கள் கத்தியால் விறகு பிளப்பதில்லை. அதற்குத்தான் கோடாலி இருக்கிறது. கோடாலி கொண்டுபோகாமல் அதன் வேலையைக் கத்தியிடம் கேட்பவருக்குத்தான் ஃபுல் டாங் கட்டாயமாகிறது. மோரா நிறுவனமே கடைசியில் சந்தைக்கு வளைந்துகொடுத்து, 2016-இல் கார்பெர்க் என்ற ஃபுல் டாங் கத்தியை இறக்கியது. நல்ல கத்திதான். விலை மட்டும் கம்பேனியனைப்போலப் பல மடங்கு.

காடு மாறினால் கருவியும் மாறும் என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. வடக்கின் ஊசியிலைக் காட்டில் கோடாலியும் சின்னக் கத்தியும் போதும். கொடியும் புதரும் மண்டிய வெப்பமண்டலத்தில் மலேசியாவின் பராங், நம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தின் கொடுவாள் போன்ற நீள அலகுகள் இல்லாமல் நகர முடியாது.

எஃகின் பெயரில் நடக்கும் சண்டைக்கு வருவோம். 2021-இல் உலோகவியலாளர் லாரின் தாமஸ் உருவாக்கிய மேக்னாகட் எஃகு வந்ததிலிருந்து அது இல்லாத கத்தி கத்தியே அல்ல என்ற பேச்சு. அருமையான எஃகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கூர் நீண்ட நாள் நிற்பது, அடிபட்டாலும் சில்லு தெறிக்காமலிருப்பது, தீட்டச் சுலபமாக இருப்பது, இந்த மூன்றையும் ஒரே எஃகு முழு அளவில் தராது. தேயாத எஃகு என்றால் தீட்டவும் படியாது என்று பொருள். ஆற்றோரக் கல்லில் மோராவைத் தேற்றிவிடலாம். சில உயர்ரக எஃகுகளுக்கு வைரப்பொடித் தகடு இல்லாமல் தீராது. எஃகைச் சூடேற்றிக் குளிர்விக்கும் பக்குவம் தவறினால் மேக்னாகட்டும் மண்ணாகும்.

அலையலையாக வரியோடும் ‘டமாஸ்கஸ்’ கத்தி இன்னொரு மயக்கம். இன்று அந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு வகை எஃகை அடுக்கி, அடித்து, அமிலத்தில் நனைத்து வரி வரவழைத்தவை. பழைய டமாஸ்கஸ் வாள்களின் வரி வேறு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கி ஏற்றுமதியான எஃகுக்குள் தானே படிந்த இரும்புக் கார்பைடின் வரி அது. ஈரோட்டுக்கு அருகே கொடுமணல் அகழாய்வில் அத்தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. வரி அழகுக்கு விலை கொடுக்கலாம், தப்பில்லை. வரியால் வெட்டு கூடும் என்று நம்பிக் கொடுத்தால் நஷ்டம்.

தீ மூட்டுவதிலும் கத்திக்குப் போகும் பெருமை அதற்கு உரியதல்ல. உரசினால் பொறி பறக்கும் ஃபெரோ குச்சி, ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுர் வான் வெல்ஸ்பாக் 1903-இல் காப்புரிமை பெற்ற உலோகக் கலவை. எரிவது அந்தக் குச்சியின் துகள்தான். அதை உரசக் கூரான விளிம்புள்ள கண்ணாடிச் சில்லே போதும்.

எல்லாவற்றுக்கும் மேல், கத்தி இருந்தால் உயிர் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை. 1971 டிசம்பர் 24-ஆம் தேதி பெரு நாட்டு வானில் விமானம் சிதறி, 17 வயது யூலியானே கோப்கே இருக்கையோடு மழைக்காட்டில் விழுந்தார். கத்தி இல்லை, இருந்தது ஒரு பை மிட்டாய். ஆனால் உயிரியலாளர்களான பெற்றோரோடு அதே மழைக்காட்டில் வாழ்ந்த பழக்கம் இருந்தது. ஓடையைப் பிடித்துக்கொண்டே நடந்தால் மனிதர் இருக்கும் இடம் வரும் என்று அவருக்குத் தெரியும். பதினோராம் நாள் அவரை மரவெட்டிகள் கண்டெடுத்தார்கள். மாறாக, 2003-இல் அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் பாறைக்கடியில் கை சிக்கிய ஏரன் ரால்ஸ்டனிடம் மடக்குக் கத்தி இருந்தது. மழுங்கிய அதே கத்தியால்தான் கையை அறுத்துக்கொண்டு மீண்டார். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருந்ததால் அவரைத் தேட யாருக்கும் இடம் தெரியவில்லை.

இந்தியாவில் வாங்குகிறவர்களிடம் ஒரு கணக்கு உலவுகிறது: அலகு 9 அங்குலத்துக்குள் இருந்தால் எங்கும் கொண்டுபோகலாம். ஆயுத விதிகளில் 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்ற அளவு இருப்பது உண்மை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அங்குலம் பார்ப்பதில்லை. அதன் ஆயுதப் பட்டியலில் கத்தியும் உண்டு. தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது, தேசியப் பூங்காவுக்கும் இதே விதிதான். முதுமலைக்கோ ஆனைமலைக்கோ கிளம்புகிறவர் புதுக் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.