கர்ப்பிணிக்குக் காய்ச்சலா? தேதியைக் குறித்து வையுங்கள்

மழைக்காலத்தில் கர்ப்பிணிக்குக் காய்ச்சல் கண்டால், அது தொடங்கிய தேதியை முதலில் எழுதி வையுங்கள். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் பரப்புவது ஏடிஸ் கொசுதான். ஆனால் குழந்தைக்கு ஆபத்தான காலம் வேறுவேறு. ஜிகா முதல் சில மாதங்களில் வந்தால் கருவின் மூளை வளர்ச்சி கெடலாம். 2015-இல் பிரேசிலில் பல குழந்தைகள் சிறுத்த தலையோடு பிறந்தது அதனால்தான். மற்ற இரண்டும் பிரசவத்தை ஒட்டி வந்தால்தான் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு அதிகம்.

அடுத்து, அன்றே மருத்துவமனை. டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள்தான் நன்றாகப் பிடிபடும். காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். ரத்த அழுத்தத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். நிலவேம்புக் குடிநீரை ஊரே குடித்தாலும், கர்ப்பிணி மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

காய்ச்சல் விட்டதும் வீட்டார் பெருமூச்சு விடுவார்கள். டெங்குவில் கவனிக்க வேண்டிய நேரமே அதுதான். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு, சிறுநீர் குறைவது, வயிற்றில் குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

பிரசவத்துக்கு முந்தைய வாரத்தில் காய்ச்சல் இருந்ததென்றால், சேரும்போதே சொல்லுங்கள். 2005-06-இல் ரீயூனியன் தீவில் சிக்குன்குனியா பரவியபோது, பிரசவ வேளையில் ரத்தத்தில் வைரஸ் இருந்த தாய்மாரின் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்றியது. சிசேரியன் செய்தும் தடுக்க முடியவில்லை. அந்தக் குழந்தைகள் பிறந்த அன்று நன்றாகவே இருந்தார்கள். நோய் தெரிந்தது 3 முதல் 7 நாளுக்குள். அதனால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினால் அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள். காய்ச்சல், பால் குடிக்காமல் சோர்வது, தடிப்பு, கைகால் வீக்கம், வலிப்பு இருந்தால் உடனே காட்டுங்கள். பிறகு மூக்கு நுனி கறுக்கலாம். அதற்குப் பயத்தமாவு தேய்த்துப் பயனில்லை, குழந்தை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

ஜிகா பெரும்பாலும் அறிகுறியே காட்டாது, உடலுறவாலும் பரவும். 2021-இல் கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்டவரே ஒரு கர்ப்பிணி. ஜிகா பரவும் ஊருக்குக் கணவர் போய்வந்தால், பிரசவம்வரை ஆணுறை அவசியம்.

கொசுவலையைப் பகல் தூக்கத்துக்கும் கட்டுங்கள். ஏடிஸ் கடிப்பது பகலில். தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.