பெட்டிக்கு இடது எது?

பழைய ஸ்டீரியோ ஆம்பிளிஃபயரின் பேலன்ஸ் குமிழை இடப்பக்கம் திருப்பும்போது வலப்பக்கத்து ஸ்பீக்கர் ஓங்கி ஒலிக்கக் கண்ட ஒருவர், யாரையும் கேளாமல் தாமே செய்துகொள்ளக்கூடிய பரிகாரம் என்று முதலில் எண்ணுவது, பின்புறத்து ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றி ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருகிவிடுவதைத்தான். செருகியதும் குமிழ் சொன்னபடி கேட்கிறது. அவரும் திருப்தியோடு எழுந்து போய்விடுகிறார். அதுவரை சரியாக இருந்த சங்கீதம் அந்தக் கணத்திலிருந்து இடம் வலமாகப் போய்விட்டதை அவர் கவனிப்பதில்லை. செங்கற்பட்டிலும், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரைக்குமுள்ள ஊர்களிலும், ரேடியோ ரிப்பேரைப் பிழைப்பாகக் கொள்ளாமல் சிநேகிதர்களின் பொருட்டு மட்டும் செய்துவரும் எனக்கு இத்தகைய பெட்டிகள் வந்து சேரும்போதெல்லாம், ஒரு மாறாட்டத்தை இன்னொரு மாறாட்டத்தால் மறைத்து வைத்திருக்கும் பழைய கைங்கரியங்களை அவிழ்ப்பதிலேயே பாதிப் பொழுது போய்விடுகிறது.

ஆகையால் ஒயரைத் தொடுமுன் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். சங்கீதம் இடம் மாறியிருக்கிறதா என்பது ஒன்று. குமிழ் மாறி வேலை செய்கிறதா என்பது மற்றொன்று. இசைத்தட்டிலிருந்தோ டேப்பிலிருந்தோ வரும் ஒலி, பெட்டியின் பின்புறத் துளை வழியாக உள்ளே புகுந்து, பேலன்ஸ் கண்ட்ரோலைக் கடந்து, பவர் பகுதியில் வலுப்பெற்று ஸ்பீக்கருக்குப் போகிறது என்ற வழியை மனத்தில் வைத்துக்கொண்டால், குமிழ் வழி நடுவே நிற்கும் ஒரு சாட்சியாகிவிடுகிறது. சங்கீதம் மாறியிருந்து குமிழ் சரியாக இருந்தால், குற்றம் குமிழுக்கு முன்னால், அதாவது உள்ளே வரும் ஒயர்களில். இரண்டுமே மாறியிருந்தால் குற்றம் குமிழுக்குப் பின்னால், பெரும்பாலும் ஸ்பீக்கர் ஒயர்களில். சங்கீதம் சரியாக இருந்து குமிழ் மட்டும் விபரீதமாக நடந்துகொண்டால்தான் சற்று யோசிக்க வேண்டும். கண்ட்ரோலையே யாரோ திருப்பிப் பற்றவைத்திருக்கலாம். அல்லது முன்னாலும் பின்னாலுமாக இரண்டு இடங்களில் ஒயர் மாறி, ஒரு பிழையை மற்றொரு பிழை மூடிக்கொண்டிருக்கலாம். இவ்விரண்டில் எது என்று அறிய, வால்யூமை அடியோடு குறைத்து, பின்புறத்தில் இடது என்று குறித்திருக்கும் துளையிலிருந்து பிளக்கை உருவிவிட்டு, மறுபடி வால்யூமை மெல்ல ஏற்றிப் பார்க்க வேண்டும். அறையின் இடப்பக்கத்து ஸ்பீக்கர் மௌனமாகிவிட்டால் வழி நேரானது, குற்றம் கண்ட்ரோலில். வலப்பக்கத்து ஸ்பீக்கர் மௌனமானால் கண்ட்ரோல் நிரபராதி. ஒயர்கள்தாம் இரண்டு இடங்களில் குறுக்கே போகின்றன.

இதற்கெல்லாம் முன்பு முகப்பிலுள்ள சுவிட்சுகளை ஒருமுறை படித்துவிடுவது உத்தமம். 1960-களில் வந்த பல அமெரிக்க ஆம்பிளிஃபயர்களில், ஸ்டீரியோ, மோனோ என்பவற்றோடு 'ரிவர்ஸ்' என்றும் ஒரு நிலை உண்டு. ஸ்டீரியோ தட்டுகள் 1958-இல் கடைக்கு வந்த புதிதில், எது எந்தப் பக்கம் என்பதில் எல்லோருக்கும் சந்தேகம் இருந்தபடியால், கேட்பவரே இடம் மாற்றிக்கொள்ளட்டும் என்று தயாரிப்பாளர்கள் செய்துவைத்த சௌகரியம் அது. பேத்தி கைபட்டு அந்த சுவிட்ச் நகர்ந்திருக்க, பெட்டியைத் திறந்து போட்டுவிட்டவர்கள் உண்டு.

சங்கீதம் இடம் மாறியிருக்கிறதா என்ற முதற் கேள்விக்கு விடை காண நம்பகமான ஒரு தட்டு வேண்டும். சினிமாப் பாட்டு இதற்கு அவ்வளவாக உதவாது. 1978-இல் வெளிவந்த 'பிரியா' படத்தின் பாடல்கள் தமிழில் ஸ்டீரியோவாகப் பதிவானவற்றுள் முதலாவது என்று பெயர் பெற்றவை, கேட்கவும் இன்பமானவை. ஆயினும் ஸ்டுடியோவில் எந்த வாத்தியத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பது ஒலிப்பதிவாளரின் இஷ்டம். நான் நம்புவது, மேடையில் நேராகப் பதிவான கர்நாடக சங்கீதக் கச்சேரியை. கேட்பவருக்கு இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் பிடில் என்பது நம் மேடையின் பொது வழக்கம். மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வரிசை அது. பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கை வாத்தியக்காரர் ஆதலால், அவர் வாசிக்கும்போது இந்த வரிசையே தலைகீழாக வேண்டியிருந்தது; இடம் மாறி உட்காரச் சில பிடில் வித்துவான்கள் சம்மதிக்காத சங்கடமும் அவருக்கு இருந்தது என்பது சங்கீத ரசிகர்கள் அறிந்த விஷயம். 1962-இல் அவர் காலமானார்; அவருடைய வாசிப்பு ஸ்டீரியோவில் நம்மிடம் இருந்திருந்தால், எத்தனை ரிப்பேர்க்காரர்கள் குற்றமற்ற பெட்டியைப் பிரித்துப் போட்டிருப்பார்களோ!

தட்டில் மட்டும் இடம் மாறி, ரேடியோவிலும் டேப்பிலும் சரியாகக் கேட்டால் ஆம்பிளிஃபயரின் மேல் கை வைக்கவே வேண்டியதில்லை. ஊசி பொருத்திய தலையில் மயிரிழை போன்ற நான்கு ஒயர்கள் இருக்கும். வெள்ளையும் நீலமும் இடத்துக்கு, சிவப்பும் பச்சையும் வலத்துக்கு. ஊசி மாற்றியவர் அவற்றைக் கவனமின்றிச் செருகியிருப்பார். ஐரோப்பியப் பெட்டிகளில் வரும் 5 பின் கொண்ட வட்டமான டின் பிளக்கோ இன்னும் பொல்லாதது. அதில் பின்களின் எண்கள் 1, 4, 2, 5, 3 என்ற வரிசையில் வளைந்து போகின்றன. உள்ளே வரும் ஒலிக்கு 3 இடது, 5 வலது, 2 பூமி. முகப்பிலிருந்து பார்த்து எழுதிய படத்தை வைத்துக்கொண்டு முதுகுப் பக்கத்தில் ஈயம் வைப்பவர் கையில் 3-உம் 5-உம் தத்தம் இடத்தில் அமைந்தால் அது அதிருஷ்டம்.

முகப்பிலிருந்து பார்ப்பதா, முதுகிலிருந்து பார்ப்பதா என்ற இந்தத் தகராறை எனக்குத் தெளிவாக விளக்கியவர் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர் அல்லர். மாமல்லபுரத்தில் சிலை செய்யும் ஒரு ஸ்தபதி. சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயர் ஒன்று அவர் பட்டறைத் திண்ணையில் வெகுநாளாகப் பாடிக்கொண்டிருந்தது. பேலன்ஸ் கண்ட்ரோல் கரகரத்ததால் எங்கோ ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கியிருந்தார்.

"கொடுக்கறதுக்கு முந்தி நல்லாத்தான் இருந்துச்சு சார். இப்ப இடது பக்கம் திருப்பினா வலது பக்கம் கத்துது. ஒயரை மாத்திக் குத்திடலாமான்னு பையன் கேக்கறான்."

"மாற்ற வேண்டாம், ஸ்தபதி. முதலில் கேட்டுப் பார்ப்போம்" என்று மேற்சொன்ன பரீட்சைகளைச் செய்தேன். சங்கீதம் சரியாக இருந்தது. இடது பிளக்கை உருவியதும் இடது ஸ்பீக்கரே அடங்கியது. கண்ட்ரோலைப் பார்க்க வேண்டியதுதான் என்று பெட்டியைத் திறந்து, பின்புறம் என்னை நோக்கியிருக்கும்படி திருப்பி வைத்தேன். கிட்டே வந்து குனிந்து பார்த்த ஸ்தபதி, "எந்தப் பக்கமா நின்னு இதை வச்சாங்க? எங்க தொழில்ல வலது கைன்னா சாமிக்கு வலது. பார்க்கிறவனுக்கு இல்லே" என்றார்.

அவ்வூர் மகிஷாசுரமர்த்தினி குகையில், சிங்கத்தின் மேல் வரும் தேவி நமக்கு இடப்பக்கத்திலும், பின்வாங்கும் மகிஷன் நமக்கு வலப்பக்கத்திலுமாக நிற்கிறார்கள். அந்த யுத்தத்தைச் சுவருக்கு உள்ளே நின்று பார்க்கக்கூடிய ஒருவன் இருந்தால் அவனுக்கு எல்லாம் மாறித் தோன்றும். கண்ட்ரோலை மாற்றுகிற ரிப்பேர்க்காரர் நிற்கிற இடம் அதுதான். புதிய கண்ட்ரோல் பழையதைப் போலவே தோன்றும். ஆனால் பழையதன் கால்கள் மேல்நோக்கி இருந்திருக்கும், புதியதன் கால்கள் கீழ்நோக்கி இருக்கும். சட்டத்தில் நேராக உட்காராமையால் துண்டு ஒயர் வைத்து இழுத்துப் பற்றவைப்பார். அப்போது முதற்காலும் மூன்றாங்காலும் இடம் மாறிப்போகும். ஸ்தபதியின் பெட்டியில் இருந்ததும் இதுவே. பேலன்ஸ் கண்ட்ரோலுக்கு முன்வரிசையில் மூன்றும் பின்வரிசையில் மூன்றுமாக ஆறு கால்கள். நடுக்கால்களைத் தொடாமல், இரு வரிசைகளிலும் ஓரக்கால்களின் ஒயர்களை ஒன்றுக்கொன்று மாற்றி ஈயம் வைத்ததும் குமிழ் திருந்திவிட்டது.

புதுக் கண்ட்ரோல் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் அறிந்துகொள்ள வேண்டும். நல்ல பேலன்ஸ் கண்ட்ரோல்களில் பலவற்றை 'எம்.என்.' ஜாதி என்பார்கள். நடுவிலிருந்து ஒரு பக்கம் திருப்பினால் ஒரு சானல் குறையாமல் அப்படியே இருக்க, மற்றது மட்டும் தேயும். மறுபக்கம் திருப்பினால் இதற்கு மாறாக நடக்கும். அதாவது அதன் இரண்டு வரிசைகளும் பிறவியிலேயே ஒன்றுக்கொன்று எதிரானவை. சென்னை ரிச்சி தெருவில் அது அகப்படாமல், சாதாரண இரட்டைக் கண்ட்ரோலை வாங்கிவந்து அதே துளைகளில் பொருத்தினால், இரண்டு சானல்களும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும்; பேலன்ஸ் குமிழ் இரண்டாவது வால்யூம் குமிழாகிவிடும். அத்தகைய சந்தர்ப்பத்தில் ஒரு வரிசையின் ஓரக்கால்களை மட்டும் மாற்றிப் பற்றவைக்க வேண்டும். எந்தக் கால் எங்கே போகிறது என்பதை, மின்சாரத்தைத் துண்டித்த நிலையில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, அந்தக் காகிதத்தின் தலைப்பில் 'முதுகிலிருந்து பார்த்தபடி' என்றோ 'முகப்பிலிருந்து பார்த்தபடி' என்றோ குறித்துக்கொள்வது நல்லது. அந்த இரண்டு வார்த்தைகள் இல்லாத படம் அடுத்த வருஷம் எழுதியவருக்கே விளங்காது.

பிளக்கை உருவிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். டிரான்சிஸ்டர் பெட்டியில் பொறி பறந்து ஸ்க்ரூடிரைவர் முனை கருகுவதோடு போகலாம். வால்வ் பெட்டியில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடுமாதலால், பழக்கமில்லாதவர்கள் அதைத் திறவாமலிருப்பதே விவேகம். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்பீக்கர் ஒயரை மாற்றவும் கூடாது. இரண்டு நுனிகள் ஒன்றையொன்று தொட்டால் பவர் டிரான்சிஸ்டர் போய்விடும்.

கடற்கரையோரத்துப் பெட்டிகளில் நிஜமாகவே மாறாத சானல் மாறியதுபோல் மயக்குவதும் உண்டு. உப்புக் காற்றில் சுவிட்சின் தொடுமுனைகள் கறுத்து, துளைகளில் பச்சைக் களிம்பு பூத்து, ஒரு சானல் பாதி செத்துவிடும். உயிரோடிருக்கும் மற்றொன்றைக் கேட்டு, "பக்கம் மாறிவிட்டது" என்று சொல்லிவிடுவார்கள். கடற்கரைக் கோயிலின் கல்லிலேயே உப்பு ஏறி, அதை உறிஞ்சி எடுக்கத் தொல்பொருள் துறையார் காகிதக் கூழை அப்ப வேண்டியிருக்கிறதென்றால், தகரப் பெட்டி எம்மாத்திரம்? கண்ட்ரோலின் சந்தில் கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு பீய்ச்சி, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் பலமுறை திருப்பி, நன்றாகக் காய்ந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். அவை அன்றைக்குக் கரகரப்பை அடக்கி, ஐப்பசி மழையில் தூசியைச் சேறாக்கிவிடும்.

பக்கம் மாறுவதும், ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறுவதும் வேறு வேறு வியாதிகள். இரண்டாவதில் பேஸ் மெலிந்துபோகும். மோனோவில் வைத்தாலும் பாடகர் குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் அலையும். ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் டார்ச் செல்லைக் கணநேரம் தொடவைத்து, இரண்டு ஸ்பீக்கர்களின் கூம்பும் ஒரே திசையில் அசைகின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஸ்தபதி வீட்டில் வேலை முடிந்ததும், இடது ஸ்பீக்கர் ஒயரின் இரு நுனிகளிலும் ஒவ்வொரு முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன். உள்ளே திறந்து பார்க்க வேண்டிய மாறாட்டங்கள் எப்போதோ ஒருமுறை வருபவை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஸ்பீக்கர்களைக் கழற்றி வெளியே வைத்து, மறுநாள் கை போன போக்கில் செருகுவதால் வருபவை வருஷா வருஷம் வருகின்றன. வர்ணம் மங்கிவிடும், ஒட்டிய சீட்டு உப்புக் காற்றில் உதிர்ந்துவிடும்; முடிச்சு, அலமாரிக்குப் பின்னால் இருட்டில் கையை விட்டுத் தடவினாலும் தெரியும்.