பயணத்தில் பிள்ளைகளிடையே நீதி

விடுமுறை வந்தால் பிள்ளைகளை எங்கேனும் அழைத்துச் செல்ல விரும்புகிறோம். பணம் சேர்த்து, டிக்கெட் பதிவு செய்து, சோறு கட்டிக்கொண்டு புறப்படுகிறோம். வண்டி நகர்வதற்குள் சண்டை தொடங்கிவிடுகிறது. ஜன்னலோரம் யாருக்கு? முறுக்குப் பொட்டலம் யார் கையில்? சண்டை சிறிதுதான், ஆனால் அதில் நாம் அளிக்கும் தீர்ப்பு சிறிதன்று.

சென்ற கோடை விடுமுறையில் நாம் குடும்பத்துடன் உதகைக்குச் சென்றோம். சென்னையிலிருந்து இரவு முழுதும் பயணம். ஸுபுஹை வண்டியிலேயே தொழுதுவிட்டு, மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ரயிலில் ஏறினோம். 46 கிலோமீட்டர் தூரம், 16 சுரங்கங்கள், ஏறத்தாழ 5 மணி நேரம். நமக்குக் கிடைத்த ஜன்னல் ஒன்று, பிள்ளைகளோ மூவர். கல்லாறு தாண்டுமுன் கூச்சல் எழுந்தது. வழக்கம்போல் மூத்தவனைப் பார்த்து, "நீ பெரியவன், விட்டுக் கொடு" என்றோம். எழுந்துகொண்டான். குன்னூரில் இறங்கி நின்றபோது மெல்லக் கேட்டான்: "வாப்பா, எப்பவும் நான் மட்டும்தானா?" நம்மிடம் பதில் இல்லை.

பஷீர் (ரலி) அவர்கள் தம் மகன் நுஃமானுக்கு மட்டும் ஓர் அன்பளிப்புக் கொடுத்து, அதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதமாக நடக்குமாறு பணித்தார்கள். பஷீர் (ரலி) அவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. ஜன்னலோர இருக்கையும் பிள்ளைக்கு ஓர் அன்பளிப்பல்லவா?

யூசுஃப் (அலை) அவர்களின் சகோதரர்களை நினைத்துப் பாருங்கள். யஃகூப் (அலை) அவர்கள் அநீதி இழைத்தவர்களல்லர். ஆயினும், தந்தைக்கு நம்மைவிட அவர்மீதே பிரியம் என்ற எண்ணம் மனத்தில் புகுந்ததும், அது கிணறுவரை கொண்டுபோய் விட்டது. இல்லாத ஓரவஞ்சனையே இப்படியென்றால், இருக்கும் ஓரவஞ்சனை என்ன செய்யாது?

இதற்கு வழியும் ஸுன்னத்தில் இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது, தம் மனைவியரில் எவரை உடன் அழைத்துச் செல்வதென்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள் என ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். சம உரிமை உள்ளவர்களிடையே மனஸ்தாபமின்றி முடிவு காணும் முறை இது. பணம் வைத்து ஆடும் சூதோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. மூவர் பயணம் சென்றால் ஒருவரை அமீராக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஏவலும் அபூதாவூதில் உண்டு.

இன்னொன்றையும் மறக்கலாகாது. பயணம் வேதனையின் ஒரு பகுதி, அது மனிதனின் ஊணையும் உறக்கத்தையும் தடுத்துவிடுகிறது என்பதும் நபிமொழியின் கருத்தே. பெரியவர்களுக்கே அப்படியென்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பாதிச் சண்டை பசியாலும் தூக்கக் குறைவாலும் வருவதே. அதட்டுமுன் ஒரு வாய் சோறு கொடுத்துப் பாருங்கள்.

திரும்பும்போது உதகை நிலையத்திலேயே மூன்று சீட்டு எழுதிக் குலுக்கினோம். குன்னூரிலும் ஹில்குரோவிலும் இடம் மாறவேண்டும் என்பது ஏற்பாடு. மூத்தவனை அமீராக்கி, தண்ணீரும் தின்பண்டமும் பங்கிடும் பொறுப்பைக் கொடுத்தோம். முதற்சீட்டு அவனுக்கு விழவில்லை, முகமும் வாடவில்லை. சண்டையே இல்லை என்று சொல்லமாட்டோம். ஹில்குரோவில் எழ மனமின்றிக் கடைக்குட்டி அழுதான். "அழாதே தம்பி, சீட்டில் வந்ததுதானே" என்று அவனைத் தேற்றியவன் மூத்தவனே.

விட்டுக்கொடுப்பது நற்குணம்தான். ஆனால் அது பிள்ளை தானாக மனமுவந்து செய்யவேண்டியது; நாம் ஒருவனிடமிருந்தே எப்போதும் பறிப்பதற்கு அந்தப் பெயரைச் சூட்டலாகாது. நம் வீட்டிலும் வழியிலும் நீதமாக நடக்க அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.