கூட்டெரு வாங்குவோர் கவனிக்கவேண்டியவை



சேதனப் பசளையின் அருமையை உங்களுக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. மாட்டெருவும் குழையும் சாம்பலும் இட்டு நிலத்தைப் பண்படுத்திய மரபில் வந்தவர்கள் நீங்கள். முற்காலத்தில் வீட்டுக்கு வீடு மாட்டுப்பட்டியும் எருக்கிடங்கும் இருந்தன. எருவின் தரத்தைப்பற்றி ஒருவரும் ஐயுறவில்லை. அதில் என்ன சேர்ந்தது, எத்தனை மாதம் கிடந்தது என்பதை வீட்டார் அறிவர். இன்று கால்நடை குறைந்துவிட்டது. மரக்கறித் தோட்டக்காரர் பலர் கூட்டெருவைப் பையாகவும் உழவு இயந்திரப் பெட்டியாகவும் விலைக்கு வாங்குகின்றனர். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் கூட்டெருவுக்குப் பெருந்தேவை ஏற்படவே, முதிராத எருவும் மண் கலந்த எருவும் சந்தைக்கு வந்தன. அவை இன்றும் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

ஆகவே, எருவை நிலத்தில் இறக்குமுன் சோதித்தறிதல் வேண்டும். இறக்கிய பின் குறைகூறுவதாற் பயனில்லை. இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை; கையும் மூக்கும் ஒரு தராசும் சில விதைகளும் போதும்.

முதிர்ந்த எருவும் முதிராத எருவும்

வைக்கோல், இலைகுழை, சாணம் முதலியவற்றை நுண்ணுயிர்கள் உண்டு சிதைப்பதாலேயே கூட்டெரு உண்டாகின்றது. அவை தொழிற்படும்போது குவியல் சூடேறும். 55 பாகை முதல் 65 பாகை செல்சியசு வரை சில நாள்கள் சூடு நிலைத்தால் களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழியும். குவியலைப் புரட்டிப் புரட்டி விட்டால் வெளிப்புறத்திற் கிடந்தனவும் அச்சூட்டைப் பெறும். பின்னர் சூடு தணிந்து, எரு ஆறி முதிரும்.

வைக்கோலில் ஒரு பங்கு நைதரசனுக்கு அறுபது பங்குக்கு மேல் காபன் உண்டு. நன்கு முதிர்ந்த எருவில் இது இருபது பங்கு அளவிற்குக் குறைந்துவிடும். முதிராத எருவை நிலத்திலிட்டால், மிஞ்சிய காபனைச் சிதைப்பதற்கு வேண்டிய நைதரசனை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளித்து நிற்கும். பசளை இட்டும் பயிர் பசிகிடப்பது இதனாலேயாகும். அன்றியும், முதிராத எருவிலிருந்து வெளிப்படும் அமிலங்களும் அமோனியா வாயுவும் இளவேரைக் கருக்கும். மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுமேடைகளில் இத்தீங்கு மிகுதி. நீர் நிற்கும் வயலில் நெல்லின் வேருக்கும் இவ்வாறே கேடு உண்டாகும்.

விற்பவரிடத்திற் செய்யவேண்டிய சோதனை

1. மணம்: நல்ல எரு, முதல் மழை விழுந்த மண்ணின் மணம் உடையது. புளித்த நாற்றமோ, அழுகல் நாற்றமோ, மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடியோ இருந்தால் வாங்கவேண்டாம்.

2. தோற்றம்: கபில நிறம் அல்லது கருங்கபில நிறமாய், பொலபொலவென்று உதிரவேண்டும். இது வைக்கோல், இது இலை என்று இனங்காணத்தக்க துண்டுகள் மிகுந்திருத்தல் ஆகாது. கருநிறம் ஒன்றையே நம்பிவிடவும் கூடாது. உமிக்கரியும் கரிய மண்ணும் எருவைக் கறுப்பாக்கும்.

3. சூடு: குவியலுள் முழங்கை வரை கையைச் செலுத்திப் பாருங்கள். சுட்டால் எரு இன்னும் வேலைசெய்து முடியவில்லை.

4. ஈரலிப்பு: ஒரு கைப்பிடி எருவை இறுகப் பிழியுங்கள். நீர் சொட்டினால் நீங்கள் தண்ணீருக்கே பணம் கொடுக்கின்றீர்கள்.

வீட்டிற் செய்யவேண்டிய சோதனை

பெருந்தொகையாக வாங்க எண்ணுவோர், முதலில் ஒரு பையை மாத்திரம் வாங்கிக் கீழ்வரும் சோதனைகளைச் செய்தல் நன்று.

மணற் சோதனை: வெயிலில் நன்கு காய்ந்த எருவில் 100 கிராம் எடுத்து, வாளி நீரிற் கலக்கி, மிதப்பனவற்றை நீருடன் வடித்துவிடுங்கள். நீர் தெளியும் வரை இவ்வாறு பலமுறை செய்து, அடியில் தங்கிய மணலை உலர்த்தி நிறுங்கள். 10 கிராமுக்கு மேற்பட்டால் அவ்வெருவை விலக்குக. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் வகுத்த 1246ஆம் இலக்கக் கட்டளை, மணல் நூற்றுக்குப் பத்துக்கும், ஈரலிப்பு நூற்றுக்கு இருபத்தைந்துக்கும் மேற்படலாகாது என்று கூறியது.

பைச் சோதனை: எருவைச் சிறிது நனைத்து, பொலித்தீன் பையிலிட்டு இறுகக் கட்டி, நிழலில் மூன்று நாள் வையுங்கள். அவிழ்க்கும்போது துர்நாற்றம் வீசினால் எரு முதிரவில்லை. ஈரமின்றிக் காய்ந்து கிடந்த எரு, முதிராவிடினும் குளிர்ந்தே இருக்கும். அதன் உண்மையை இச்சோதனை வெளிப்படுத்தும்.

விதைச் சோதனை: ஒரு சட்டியில் தோட்ட மண்ணும், மற்றொரு சட்டியில் அம்மண்ணும் எருவும் சரிபாதியாகக் கலந்ததும் நிரப்புக. ஒவ்வொன்றிலும் 20 முள்ளங்கி விதைகளை இட்டு, ஒரே அளவாக நீர் தெளித்து வருக. பத்து நாளில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எருச் சட்டியில் முளைத்தவை குறைவாகவோ, முளைகள் கருகியோ இருந்தால் அவ்வெரு முதிராதது, அல்லது உப்பு மிகுந்தது. கோழியெரு மிகுதியாகச் சேர்ந்த கூட்டெருவில் உப்பு மிகுந்திருக்கக்கூடும். உவர்க்கிணற்று நீர் பாய்ச்சுவோர் இதனைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். விதையிடாத சட்டியொன்றில் எருவை மாத்திரம் நிரப்பி நனைத்து வந்தால், அதிலுள்ள களைவிதைகளும் முளைத்துத் தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

விலையைக் கணக்கிடும் முறை

ஒருவர் ஒரு தொன் எருவை 20,000 ரூபாவுக்கும், வேறொருவர் 24,000 ரூபாவுக்கும் தருவதாக வைத்துக்கொள்வோம். முதலாவது எருவில் பாதி நீர். உலர்ந்த எரு 500 கிலோகிராம் மாத்திரமே. ஆகவே கிலோ ஒன்று 40 ரூபா. இரண்டாவதில் காற்பங்கு நீர். உலர்ந்த எரு 750 கிலோகிராம். ஆகவே கிலோ ஒன்று 32 ரூபா. மலிவு எது என்பது இப்பொழுது விளங்கும். ஈரலிப்பை அறிய, ஒரு கிலோ எருவை மெல்லியதாகப் பரப்பி, நிறை குறைவது நிற்கும் வரை வெயிலில் உலர்த்தி மறுபடியும் நிறுத்தால் போதும்.

எங்கிருந்து வந்தது?

எதனால், எவ்விடத்தில், எத்தனை மாதத்தில் தயாரிக்கப்பட்டது என்று விற்பவரைக் கேளுங்கள். நகரக் குப்பையிலிருந்து எடுத்த எருவாயின், குப்பை தரம் பிரித்துச் சேர்க்கப்பட்டதா என்று வினவுக. பிரிக்காத குப்பையில் கண்ணாடித் துண்டும் பொலித்தீனும் மட்டுமன்றி, பழைய பற்றரிகளிலிருந்து ஈயம், கட்மியம் போன்ற நச்சு உலோகங்களும் சேரும். அவற்றை அரிதட்டால் அரித்து நீக்க முடியாது. நிலத்தில் சேர்ந்தால் நீங்குவதுமில்லை.

பார்த்தீனியம் என்னும் களை 1999ஆம் ஆண்டில் வவுனியாவில் அறியப்பட்டு, பின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் பரவியது. தோலரிப்பும் மூச்சுத்திணறலும் தரும் இச்செடி ஒன்று பல்லாயிரம் நுண்விதைகளை உதிர்க்கும். அவை எருவுடனும் வண்டிச் சில்லுடனும் ஊர்விட்டு ஊர் செல்வன. பார்த்தீனியம் வளர்ந்த இடத்திலிருந்து வரும் எருவை எவ்வளவு மலிவாயினும் ஏற்கவேண்டாம். ஒரு பெட்டி எருவில் மிச்சம் பிடித்த காசு, பல ஆண்டுக் களைபிடுங்கு கூலிக்குப் போதாது.

வாங்கிய பின்

எருவை நிழலில் குவித்து, மழைநீர் கரைத்துச் செல்லாதபடி ஓலையால் மூடுங்கள். சிறிது முதிராதது என்று கண்டால் வீசிவிடவேண்டாம். நனைத்துக் குவித்து, வாரம் ஒருமுறை புரட்டி, சூடும் நாற்றமும் அற்ற பின் பைச் சோதனையை மீண்டும் செய்து பயன்படுத்துக. மரக்கறிப் பயிருக்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 4 தொன் முதிர்ந்த எருவை, நடுகைக்கு முன் மண்ணுடன் கலந்துவிடுதல் நன்று. கூட்டெரு மண்ணை நெகிழ்த்தி நீரைப் பிடித்து வைப்பது. அதிலுள்ள நைதரசன் மெல்லமெல்லவே பயிருக்குக் கிடைக்கும். ஆதலால் அதனை யூரியாவுக்குச் சமமாக எண்ணி, மற்றைப் பசளைகளை ஒருங்கே நிறுத்திவிடலாகாது.

நெல் வயலுக்கு எருவை விலைக்கு வாங்குமுன், சூடடித்த களத்திற் கிடக்கும் வைக்கோலை எண்ணிப் பாருங்கள். அதனை எரிக்காது வயலிற் பரப்பி, விதைப்புக்குச் சில வாரங்கள் முன்னரே உழுது மடக்கி விட்டால், வாங்கவேண்டிய எருவிற் பெரும்பங்கு மிச்சமாகும்.

சோதனையில் ஐயம் ஏற்படின், எருவில் ஒரு கிலோவைச் சுத்தமான பையிற் கட்டிக்கொண்டு, உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள். பணம் கொடுக்குமுன் வருவதே சிறந்தது.