ராஜினாமா மெயிலுக்கு முன் ஐந்து உறை

ராத்திரி பத்தரை மணி. இனி இந்த வேலையில் நீடிக்க முடியாது என்று மேனேஜருக்கு மெயில் அடித்துவிட்டு, அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்திருந்தேன். மதியத்திலிருந்து வயிற்றுக்குள் போனது இரண்டு பிஸ்கட்டும் மெஷின் காபியும்தான். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. மெயிலை டிராஃப்டில் போட்டுவிட்டுப் புளித்துப்போன தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். காலையில் எடுத்துப் படித்தால், பாதி வரிகள் பசி எழுதியவை. மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

யோக வகுப்பில் பஞ்சகோசம் என்பார்கள். மூலம் கிருஷ்ண யஜுர்வேதத்தைச் சேர்ந்த தைத்திரீய உபநிடதம். அன்னமயம், பிராணமயம், மனோமயம், விஞ்ஞானமயம், ஆனந்தமயம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து உறை. ஒவ்வொன்றையும் தலை, இரண்டு சிறகு, உடல், வால் உள்ள பறவைபோல உபநிடதம் வர்ணிக்கிறது. நான் இதை ஆபீஸில் பயன்படுத்துவது ஒரே காரியத்துக்கு: புகார் எந்த உறையிலிருந்து கிளம்புகிறது என்று பார்க்க.

வெளியிலிருந்து தொடங்குங்கள். சாப்பாடு, தூக்கம், முதுகுவலி. இவை சரியில்லாத நாளில் பெரிய முடிவு எதுவும் வேண்டாம். நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு இதை இரண்டு முறை சொல்வேன். அடுத்தது மூச்சு. அப்ரைசலுக்குப் போகும்போது கவனித்துப் பாருங்கள், நெஞ்சின் மேல்பக்கத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கதவைத் தட்டும் முன் ஐந்து முறை, இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். குரலில் படபடப்பு குறையும்.

சிக்கல் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில்தான். மனம் போகலாமா, இருக்கலாமா என்று ஊசலாடும். சங்கல்ப விகல்பம் என்பார்கள் வேதாந்திகள். விஞ்ஞானம், அதாவது புத்தி, நிச்சயம் செய்யும். 'அவர் என்னை மதிக்கிறதே இல்லை' என்பது மனத்தின் பேச்சு. 'ஆறு மாதத்தில் மூன்று முறை நான் செய்த வேலை வேறொருவர் பெயரில் போயிருக்கிறது' என்பது புத்தியின் பேச்சு. முதல் வாக்கியத்தோடு போனால் சண்டை வரும். இரண்டாவதோடு போனால் எதிரில் இருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும். தாளின் நடுவில் கோடு கிழித்து, மனம் பேசியதை இடப்பக்கமும் தேதி போட முடிந்ததை வலப்பக்கமும் எழுதிப் பாருங்கள். என் மெயிலில் வலப்பக்கம் தேறியது இரண்டே வரி. அந்த இரண்டைப் பற்றி மட்டும் பேசினேன். ஒன்று தீர்ந்தது, மற்றது தீரவில்லை. எட்டு மாதம் கழித்து, கையில் வேறு வேலையோடு வெளியே வந்தேன்.

ஆனந்தமயத்திடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். அந்தப் பறவையின் தலை பிரியம், சிறகுகள் மோதமும் பிரமோதமும். விரும்பியதைக் கண்டால் வருவது, கைக்கு வந்தால் வருவது, அனுபவித்தால் வருவது என்று இவற்றை விளக்குவார்கள். ஆஃபர் லெட்டரைப் பார்த்ததும் பொங்குவது முதல் வகை மட்டுமே. அந்தக் கிறுகிறுப்பில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, புது இடத்தில் மூன்றாம் மாதமே பழைய ஆபீஸுக்குப் போன் போட்டவர்களை எனக்குத் தெரியும். அத்வைதிகள் ஆனந்தமயத்தையும் ஓர் உறையாகத்தான் கணக்கு வைக்கிறார்கள்.

நீங்கள் டீம் லீட் என்றால் அதே உபநிடதத்தின் பிருகுவல்லியைப் பாருங்கள். பிருகு தன் அப்பா வருணனிடம் பிரம்மம் எது என்று கேட்கிறான். நீயே கண்டுபிடி என்கிறார் அவர், பிருகு தவம் செய்கிறான். அன்னம் என்ற விடையோடு வந்து மறுபடி கேட்கிறான், மறுபடியும் தவம். பிராணன், மனம், விஞ்ஞானம் என ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். ஒரு தடவைகூட வருணன் விடையை எடுத்துக் கொடுப்பதில்லை, திட்டுவதும் இல்லை. நம் ஒன் டு ஒன் மீட்டிங்கில் இவ்வளவு பொறுமையை நான் பார்த்ததில்லை.

ஐந்தாவதாக ஆனந்தத்தைக் கண்டுகொள்கிறான் பிருகு. அதன் பிறகும் பேச்சு அன்னத்துக்கே திரும்புகிறது: சோற்றை இகழாதே, பெருக்கு, வீடு தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பாதே. என் டீமில் யாராவது பேப்பர் போடப் போகிறேன் என்று வந்து நின்றால், முதலில் கேன்டீனுக்குத்தான் கூட்டிப்போகிறேன்.